எலியின் இடத்தில் எதை வைப்பது?

சாமராஜநகர் மாவட்டத்தில் பூனைக்கு நெடுங்காலமாக ஒரு வேலை இருந்தது. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்து பிறகு மைசூர் மாநிலத்தோடு சேர்ந்த கொள்ளேகால் பக்கத்தில், பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு எலி தீராத தொல்லை. தட்டில் கிடக்கும் புழுவை இரவோடிரவாகத் தின்றுவிட்டுப் போய்விடும். ராகியும் சோளமும் மூட்டைமூட்டையாகக் கிடக்கும் வீடுகளிலும் இதே தொல்லைதான். அங்கெல்லாம் வீட்டார் பூனைக்கு வைத்தது ஒரு கரண்டிப் பாலோ, மிஞ்சிய சோற்றில் ஒரு கைப்பிடியோதான். மற்றபடி அது எலி, பல்லி, ஓணான், வெட்டுக்கிளி என்று தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்டது. இன்று சாமராஜநகர் ஊருக்குள்ளும் பக்கத்து மைசூருவின் அடுக்குமாடி வீடுகளிலும் பூனை கதவுக்கு உள்ளேயே வாழ்கிறது. வண்டி, தெருநாய், வெறிநோய், எலிக்கு வைத்த விஷத்தைத் தின்ற எலி என்று அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாமே நியாயமானவை. கதவை அடைத்தது சரிதான். அடைத்த பிறகும் கிண்ணத்தில் அதே பால்சோற்றையும் தயிர்ச்சாதத்தையும் வைத்துக்கொண்டிருப்பதுதான் சரியில்லை. துணைக்கு வைத்தது முழுச் சாப்பாடாகிவிட்டது. முழுச் சாப்பாடாக இருந்த எலி காணாமல் போய்விட்டது. கதவைச் சாத்தியவர்தான் அந்த எலியின் பங்கையும் கிண்ணத்தில் வைக்கக் கடமைப்பட்டவர் என்பது என் வாதம்.

அந்தப் பங்கு எவ்வளவு பெரியது என்று பார்க்கலாம். ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதமும் கொழுப்பும்தான். மாவுச்சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. காட்டிலும் தெருவிலும் தானாக வேட்டையாடி வாழும் பூனைகளின் உணவை ஆராய்ந்தவர்கள், அவற்றின் எரிசக்தியில் சுமார் 52 சதவீதம் புரதத்திலிருந்தும் 46 சதவீதம் கொழுப்பிலிருந்தும் வருவதாகக் கணக்கிட்டார்கள். மாவுச்சத்தின் பங்கு 2 சதவீதம். தயிர்ச்சாதத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். நான்கு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி போதும். அதைத் தயிர்ச்சாதத்தில் கொடுத்தால் கிடைக்கும் புரதம் 6 கிராம் அளவுக்குத்தான் வரும். அமெரிக்காவில் கால்நடைத் தீவனத் தரங்களை வகுக்கும் ஆஃப்கோ என்ற அமைப்பின் குறைந்தபட்ச அளவுப்படி, அதே 200 கலோரியில் 13 கிராமாவது இருக்க வேண்டும். பாதிகூடத் தேறவில்லை. நாயோ மனிதனோ புரதம் குறைந்தால் உடம்பு சிக்கனத்துக்கு மாறிக்கொள்ளும். பூனையின் ஈரல் அப்படிப் போதிய அளவுக்கு மாறுவதில்லை. புரதத்தை எரித்துக்கொண்டே இருக்கும். காய்கறியின் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ள அதற்கு வழியில்லை. கேரட் கலந்த சாதம் அதற்கு வெறும் நிறம். இனிப்பின் சுவைகூட அதற்குத் தெரியாது. அந்தச் சுவையை உணர வேண்டிய மரபணு பூனை இனத்தில் செயலற்றுப்போனதை ஃபிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005-இல் காட்டினார்கள்.

பூனையென்றால் பால் என்ற எண்ணம் நமக்கு மிகப் பழையது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தன்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டவர் கம்பர். பூனைக்குப் பால் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1975-இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வை நம் பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றுக்கும் எடுத்துச்சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. கே.சி. ஹேஸும் அவருடைய கூட்டாளிகளும், பாலின் முக்கியப் புரதமான கேசீனை மட்டுமே புரதமாகக் கொண்ட உணவில் பூனைகளை வளர்த்தார்கள். புரதத்தின் அளவில் குறை வைக்கவில்லை. அப்படியும் விழித்திரை சிதைந்து பார்வை போயிற்று. கேசீனில் இல்லாமல் இறைச்சியில் இருக்கும் டாரின் என்ற சத்து உடம்பில் வற்றிப்போனதுதான் காரணம். நாயும் மனிதனும் இதை ஓரளவுக்குத் தாமே உண்டாக்கிக்கொள்வார்கள். பூனையால் தேவையான அளவுக்கு முடியாது. கண்ணோடு இது நிற்கவில்லை. 1987-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியனும் உடன் ஆய்வாளர்களும், இதயத் தசை தளர்ந்து வீங்கிச் சாகும் பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். டாரினைத் திரும்பக் கொடுத்ததும் இதயம் தேறியது. இன்னொரு அமினோ அமிலமான ஆர்ஜினின் விஷயத்தில் பூனை இன்னும் இளைத்தது: அது அறவே இல்லாத உணவை ஒரே ஒரு வேளை கொடுத்ததற்கே சில மணி நேரத்தில் இரத்தத்தில் அமோனியா ஏறிப் பூனைகள் துவண்டதை, அதே வளாகத்தின் மாரிஸும் ராஜர்ஸும் 1978-இல் எழுதினார்கள்.

“எங்கள் பாட்டி காலத்துப் பூனை தயிர்ச்சாதம் தின்றே பன்னிரண்டு வயது வரை இருந்ததே” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பூனை இரவில் எங்கே போயிற்று என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓடு வேய்ந்த வீட்டின் கூரையும் மாட்டுக்கொட்டிலும் வைக்கோற்போரும் அதற்குச் சாப்பாட்டு அறைகளாக இருந்தன. கிண்ணத்தில் என்ன இருந்தது என்பது பெரிய பொருட்டல்ல. அதோடு, அந்த வீட்டில் ஈன்ற குட்டிகளில் எத்தனை வளர்ந்து ஆளாயின என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. நாலு குட்டியில் ஒன்று தங்கினால் அதை இயல்பென்று எடுத்துக்கொண்டோம். இந்தக் குறைபாட்டின் போக்கும் நம்மை ஏமாற்றும். டாரின் குறைந்ததன் விளைவு தெரிய மாதங்கள் ஆகும், சில சமயம் ஆண்டுகள். பார்வை மங்கிய பூனை, வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் பழகியிருப்பதால், நாற்காலியில் இடிக்காமலேயே நடமாடும். நாற்காலியை இடம் மாற்றிப் போட்ட அன்றுதான் வீட்டாருக்குத் தெரிய வரும். சிதைந்த விழித்திரையோ அதற்குள் திரும்ப வராத நிலைக்குப் போயிருக்கும். “நன்றாகத்தானே இருக்கிறது” என்பது ஆதாரமாகாது.

இந்த மாவட்டத்தில் இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. லிங்காயத்துகள் உட்படப் பல சமூகத்தார் இங்கே மரக்கறி உண்பவர்கள். உயிர்க்கொலை கூடாது என்பதை ஒழுக்கமாகக் கொண்ட வீட்டில், பூனைக்காக இறைச்சி வாங்கு என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? இந்தக் கேள்வியை மதிக்கிறேன். அது கருணையிலிருந்து வரும் கேள்வி. ஆனால் அந்தக் கருணை வீட்டுக்குள் இருக்கும் பூனையையும் சேர்த்துத்தான் இருக்க முடியும். நாம் நோன்பு ஏற்பது நம் விருப்பத்தால். பூனை எதையும் ஏற்கவில்லை, அதன் உடம்பு அப்படி அமைந்திருக்கிறது. முட்டை மட்டும் கொடுத்தால் போதுமா என்று சில வீடுகளில் நடுவழி தேடுகிறார்கள். முட்டையில் நல்ல புரதம் உண்டு, ஆனால் டாரின் ஏறக்குறைய இல்லை. பைகளில் வரும் பூனை உணவில் சேர்க்கும் டாரின் பெரும்பாலும் ஆலையில் செயற்கையாகத் தயாரிப்பதுதான். அதை வைத்து முழுத் தாவர உணவையும் செய்யலாமே என்ற வாதம் வெளிநாடுகளில் வலுத்திருக்கிறது. 2023-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, தாவர உணவு தின்ற பூனைகளின் நலம் மற்றவற்றுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை என்றது. ஆனால் அது பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டுத் திரட்டிய விவரம், பூனைகளைச் சோதித்துக் கண்டதல்ல. நாற்காலியில் இடிக்காத குருட்டுப் பூனையின் கதை அங்கேயும் பொருந்தும். அந்த ஆய்வு பேசுவதுங்கூட சத்துகளை அளந்து சேர்த்துத் தயாரித்த உணவைப் பற்றி. வீட்டுத் தயிர்ச்சாதத்துக்கு அது சான்று ஆகாது. அடுப்பங்கரையில் இறைச்சி வரக் கூடாது என்பவர்களுக்கு உலர் உணவுப் பை ஒரு வழி. சமைக்க வேண்டாம், பின்கட்டில் ஒரு கிண்ணத்தோடு முடிந்துவிடும். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், பூனையை வளர்ப்பதில்லை என்று முடிவெடுப்பதே நேர்மை.

பையில் வருவதெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்தானே என்ற ஐயத்தில் உண்மை இருக்கிறது. 1987-இல் இதயம் தளர்ந்த அந்தப் பூனைகள் தின்றதும் கடையில் விற்ற உணவைத்தான். அதற்குப் பிறகே ஆலைகள் டாரினைக் கூட்டின. 2007-இல் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்காக மெலமின் கலந்திருந்தது தெரியவந்தது. 2021-இல் பிரிட்டனில் இரத்த அணுக்கள் வற்றி 300-க்கும் மேற்பட்ட பூனைகள் இறந்தன. ஒரே ஆலையில் தயாரான உணவுகள் திரும்பப் பெறப்பட்டன, காரணம் முடிந்த முடிவாக நிறுவப்படவில்லை. நம் நாட்டு நிலைமை இன்னும் தளர்வானது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உண்பதற்கு மட்டுமே. நாய், பூனை உணவுக்கென்று ஐ.எஸ். 11968 என்ற தரக்குறிப்பை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டிருக்கிறது, ஆனால் அதைக் கட்டாயமாக்கவில்லை. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், வளர்ப்பவர் போதுமான உணவு கொடுக்காவிட்டால் குற்றம் என்கிறது; அந்த உணவை விற்பவர் அதில் என்ன வைக்க வேண்டும் என்று கேட்க ஆளில்லை. அந்தத் தரக்குறிப்பைக் கட்டாயமாக்குவதும், பையின் விவரத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிடச் செய்வதும் அரசுக்குப் பெரிய செலவு வைக்கும் காரியமல்ல. மைசூருவிலேயே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1950-லிருந்து இருக்கிறது. கோழிக்கடையில் கழிக்கும் உறுப்புகளை வைத்து மலிவான, சோதித்துப் பார்த்த பூனை உணவு ஒன்றைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அது உருவாக்கித் தந்தால் இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பேருதவியாக இருக்கும்.

அதுவரை வாங்குபவர் தானே படித்துத் தேற வேண்டியிருக்கிறது. பையின் முன்பக்கப் படத்தில் பார்க்க ஒன்றுமில்லை, பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முழுமையான, சரிவிகித உணவு என்று சொல்லியிருக்கிறதா, எந்த வயதுக்கு என்று போட்டிருக்கிறதா, டாரின் சேர்த்திருக்கிறதா, முதலில் வரும் பொருள் இறைச்சியா சோளமா என்பவைதான் கேள்விகள். குழாய்ப் பொட்டலத்தில் வரும் களிம்பு போன்ற பண்டம் பலகாரம்தான். அதையே மூன்று வேளையும் ஊட்டுவது குழந்தையை மிட்டாயில் வளர்ப்பது போல. புரத எண்ணைப் பார்க்கும்போது ஈரப்பதத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். 32 சதவீதம் புரதம் என்று போட்ட உலர் உணவில் 10 சதவீதம் ஈரம். ஈரம் போக அது 35 சதவீதம் சொச்சம். 8 சதவீதம் என்று போட்ட ஈர உணவில் 80 சதவீதம் தண்ணீர். அதைக் கழித்தால் 40 சதவீதம். சின்ன எண் போட்டதுதான் பெரியது. நாய் உணவை எடுத்துப் பூனைக்கு வைக்கும் பழக்கம் இரண்டையும் வளர்க்கும் வீடுகளில் இருக்கிறது. நாய்க்கு டாரின் அவசியமில்லை என்பதால் அதில் பூனைக்குத் தேவையான அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய மூட்டையைப் பிரித்து வைத்து நெகிழிப் பையில் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கட்டித் தருவதையும் தவிர்க்கலாம். விலை குறைவுதான். ஆனால் எந்தக் கம்பெனி, எந்தத் தேதி என்பது தெரியாது. திறந்து கிடக்கும் மூட்டையில் நம் வெயிலுக்குக் கொழுப்பு காறிப்போகும்.

பிள்ளைகளுக்கே முட்டை கிடைக்காத ஊரில் பூனைக்கு இறைச்சியா என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. பிள்ளைகள்தான் முதலில், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் ஒரு பூனைக்கு வேண்டியது உலர் உணவென்றால் நாளைக்கு 50 முதல் 60 கிராம். சமைத்துக் கொடுத்தால் நூறு, நூற்றைம்பது கிராம் இறைச்சி. வீட்டார் சாப்பிடும் நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்பதில்லை. கோழியின் வெள்ளைக் கறியைவிடத் தொடைக்கறியில் டாரின் அதிகம், இதயத்திலும் நிறைய உண்டு. கடைக்காரர் குறைந்த விலைக்குத் தருவது இந்த உறுப்புகளைத்தான். சமைப்பதில்தான் கவனம் வேண்டும். டாரின் தண்ணீரில் கரைவது. இதயத்தையும் தொடைக்கறியையும் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து அதைக் கொட்டிவிட்டால், சத்தில் ஒரு பங்கு சாக்கடையோடு போகும். கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, அந்தச் சாற்றோடு சேர்த்துப் பிசைந்து வைக்க வேண்டும். வெந்த கோழி எலும்பு கூராக உடையும் என்பதால் அதை எடுத்துவிட வேண்டும். எலும்பு போனால் சுண்ணாம்புச் சத்தும் போகும். வெறும் கறியை மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால் வளைந்து, சோபாவிலிருந்து குதித்தாலே எலும்பு முறியும் நிலை வரும். முட்டையோட்டுப் பொடி இதற்கு உதவும், எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஈரல் வாரத்துக்கு ஓரிரு முறை, கொஞ்சமாக. நாள்தோறும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பு இறுகிப்போகும். வீட்டுக் குழம்பிலிருந்து துண்டை எடுத்துக் கழுவிப் போடுவது கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், கழுவினாலும் அவை ஊறிய சாறு போகாது. ஆற்று மீன், குளத்து மீன் கொடுத்தால் வேகவைத்தே கொடுக்க வேண்டும். பச்சைக் கெண்டையில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது, சூட்டில் அது செயலிழந்துவிடும்.

வீட்டுக்குள் வாழ்வதால் வரும் தொல்லைகள் இரண்டு. ஒன்று எடை. கருத்தடை செய்த பூனைக்குப் பசி கூடும், தேவை குறையும். கிண்ணத்தை நாள் முழுக்க நிரப்பி வைத்தால் பருத்துப்போகும், நீரிழிவுக்கும் வழி திறக்கும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. இன்னொன்று தண்ணீர். பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். இரையிலிருந்தே ஈரம் பெற்றுப் பழகிய உடம்பு என்பதால் தாகம் எடுப்பது குறைவு. உலர் உணவை மட்டுமே தின்னும் பூனை அதை ஈடுகட்டும் அளவுக்குப் பெரும்பாலும் குடிப்பதில்லை. கடுவன் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. மண்தட்டில் திரும்பத்திரும்ப உட்கார்ந்து ஒன்றும் வராமல் முனகினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு வேளையாவது ஈர உணவோ சாறோடு பிசைந்த கறியோ வைப்பதும், உணவுக் கிண்ணத்துக்குத் தள்ளி இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைப்பதும் பையின் பிராண்டைவிட முக்கியம் என்பேன்.

குட்டிக்கு எடைக்கு எடை பார்த்தால் பெரிய பூனையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சத்து வேண்டும், ஆனால் வயிறு சின்னது. எனவே நாளைக்கு நாலைந்து வேளை, குட்டிகளுக்கென்றே தயாரித்த உணவு. தாயில்லாத குட்டிக்கு மாட்டுப்பால் ஊற்றுவதுதான் எங்கும் வழக்கம். பசும்பாலில் புரதம் 3 சதவீதம் சொச்சம், தாய்ப்பூனையின் பாலில் அதைப் போல இரண்டு மடங்கு. மாட்டுப்பாலில் வளரும் குட்டிக்கு வயிற்றுப்போக்கும் வரும், எடையும் ஏறாது. குட்டிகளுக்கென்று விற்கும் பால்பொடியே சரி. நாலாவது வாரத்திலிருந்து ஊறவைத்த குட்டி உணவை நக்கக் கொடுத்து, எட்டாவது வாரத்துக்குள் முழுதாகப் பழக்கிவிடலாம். அந்த வயதில் எந்த மணத்தையும் பதத்தையும் பழக்குகிறோமோ, வளர்ந்த பிறகு அதையே பூனை உணவென்று ஏற்கும். “எங்கள் பூனை தயிர்ச்சாதம் தவிர எதையும் தொடாது” என்று சொல்லப்படுவது பூனையின் இயல்பு அல்ல, நாம் குட்டியில் பழக்கியது. அப்படிப் பழகிவிட்ட பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முயல்வதும் ஆபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து நோய் முற்றிவிடும். பழைய சாதத்தில் ஒரு கரண்டி குறைத்துக் கோழி இதயத்தை நசுக்கிச் சாற்றோடு கலந்து, பத்துப் பதினைந்து நாளில் சாதத்தின் பங்கைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரலாம். இளஞ்சூடாக வைத்தால் மணம் எழுந்து பூனை கிட்டே வரும். முரண்டு பிடித்தால் முந்தைய நாளின் அளவுக்கே திரும்பி இரண்டு நாள் பொறுத்துக் கூட்டலாம். முழு நாள் ஒன்றுமே தொடாமல் இருந்தால் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.